காலை எடுப்பதற்கு முன் ஒரு பலூன்

சென்னை ராயபுரம் வட்டாரத்துக்கும் சர்க்கரை நோய் மருத்துவத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் இந்நோய்க்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை இன்றும் மேற்கு மாதா சர்ச் சாலையில் இருக்கிறது. அதே வட்டாரத்துக் காசிமேட்டில் வெறுங்காலோடு மீன்கூடை தூக்குபவருக்குச் சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால், முள் ஏறியதுகூடத் தெரியாது. புண் பெரிதான பிறகுதான் கவனிப்பார்.

புண் ஆற ரத்தம் வேண்டும். முழங்காலுக்குக் கீழே மூன்று தமனிகள், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஓடுகின்றன. சர்க்கரை நோய் பெரும்பாலும் இவற்றைத்தான் அடைக்கிறது; பீடி, சிகரெட் பழக்கமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். இரவில் படுத்ததும் பாதம் வலிக்கும், தொங்கப்போட்டால் சற்றுத் தணியும், பிறகு விரல் கருக்கும். கால் மரத்தவருக்கோ அந்த வலிகூட வராமல் போகலாம். கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்தாலும் ஏமாறக்கூடும்: சுண்ணாம்பு படிந்து இறுகிய தமனி அமுங்காததால் அளவு சரியாக இருப்பதுபோலக் காட்டும். அதனால் கால் கட்டைவிரலில் பார்க்கிறார்கள். அங்கே 30-க்குக் கீழே இறங்கிவிட்டால் கால் ஆபத்தில் இருக்கிறது.

அடைப்பைத் திறக்க, தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டுத் தமனிக்குள் குழாய் நுழைக்கிறார்கள். சாயம் செலுத்தியதும் எக்ஸ்ரே திரையில் தமனி கறுப்புக் கோடாகத் தெரியும். அடைப்பு வந்த இடத்தில் கோடு அறுந்து நிற்கும். அந்த அடைப்புக்குள் 0.36 மில்லிமீட்டர் கம்பியை உருட்டி உருட்டி நகர்த்த வேண்டும். கை வித்தை முழுவதும் இங்கேதான். மேலிருந்து வழி கிடைக்காவிட்டால், பாதத்துத் தமனியில் ஊசி குத்திக் கீழிருந்து கம்பி ஏற்றுவதும் உண்டு. கம்பி கடந்ததும் அதன்மேல் பலூனை அனுப்பிச் சில நிமிடம் ஊதுகிறார்கள். இதயத்தில் போல இங்கே ஸ்டென்ட் அதிகம் வைப்பதில்லை.

இந்த சிகிச்சை பிறந்ததே காலில்தான். 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில், காலை எடுக்க மறுத்த 82 வயது மூதாட்டிக்கு சார்லஸ் டாட்டர் தொடைத் தமனியைக் குழாயால் விரித்துவிட்டார், கால் பிழைத்தது. பலூன் பத்தாண்டு கழித்து வந்தது.

திறந்த தமனி சில மாதங்களில் மறுபடி சுருங்குவது சகஜம். அதற்காக இதை வீண் என்று ஒதுக்குவது தவறு. புண் ஆற நிறைய ரத்தம் வேண்டும். ஆறிய தோலைக் காக்கக் குறைவாகவே போதும். அந்தச் சில மாதங்களுக்குள் புண் மூடிவிட்டால் கால் தப்பலாம். நல்ல சிரை கிடைக்கும் சிலருக்கு, அதைக்கொண்டு ரத்தத்துக்கு மாற்றுவழி அமைக்கும் பைபாஸே மேல் என்று 2022-இல் ஓர் ஆய்வு சொன்னது. முழங்காலுக்குக் கீழ் அடைப்புக்கு முதலில் பலூனே நல்லது என்றது 2023-இல் இன்னொன்று. எது என்பதை ரத்தக்குழாய் மருத்துவர் காலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். காலை எடுக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், கையெழுத்துப் போடுமுன் ரத்த ஓட்டம் பார்த்தாயிற்றா என்று வீட்டார் கேட்கலாம்.