தலைக்கவசமும் சிறு வருவாயும்

பெங்களூரில் பீன்யாத் தொழிற்பேட்டைக்கு மோட்டார் சைக்கிளில் வந்து செல்லும் தொழிலாளி, பாதுகாப்பு உடைகள் அனைத்தையும் ஒருங்கே வாங்குதல் அரிது. முதற் செலவு தலைக்கவசத்திற்கே உரியது.

அதன் பயன் வெளி ஓட்டின் வன்மையில் மட்டும் இல்லை. உள்ளே அமைந்த பாலிஸ்டைரீன் நுரை, மோதுங்கால் நசுங்கி, தலையின் வேகம் தணியும் நேரத்தைச் சற்றே நீட்டுகிறது. மூளையைத் தாக்கும் விசை அதனால் குறைகிறது. நசுங்கிய நுரை பழைய நிலைக்கு மீள்வதில்லை. வெளியே கீறலும் தெரியாதிருக்கலாம். ஆதலின் பிறர் அணிந்து கழித்த கவசத்தை மலிவென்று வாங்குதல் தகாது.

2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ். 4151 தரத்திற்குரிய ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. முத்திரை பெற்ற எளிய கவசமும் அச்சோதனைகளில் தேறியதே. வண்ணக் கோலங்களுக்கு மிகுபணம் கொடுக்க வேண்டுவதில்லை. வாரை இறுக்கியபின் பின்புறத்திலிருந்து முன்னோக்கித் தள்ளிப் பார்க்க; கழன்றால் வேறு அளவு கொள்க. எஞ்சிய பணத்தில் தோற் கையுறை வாங்கலாம்; வீழ்பவர் பெரும்பாலும் முதலில் ஊன்றுவது கையையே. கணுக்காலை மூடும் காலணி அடுத்த மாதம் ஆகட்டும்.