முறிந்த சில்லை இணைக்கும் முறை

சிறுவர் ஆடுதற்கு எடுக்கும் ஓட்டுத்துண்டைச் சில்லு என்பர். முழங்காலின் முன்னே அமைந்த சிற்றெலும்புக்கும் அப்பெயரே வழங்குகிறது. தொடைத்தசையின் நாண் இதன் மேல்விளிம்பைப் பற்றியுள்ளது. கீழ்முனையிலிருந்து வலிய நார் ஒன்று கீழ்க்கால் எலும்புக்குச் செல்கிறது. தசை சுருங்கினால் சில்லு மேலே இழுபடும். மடங்கிய கால் நிமிரும்.

சில்லு குறுக்கே முறியுமானால், மேல்துண்டைத் தசை இழுத்துச் செல்லும்; கீழ்த்துண்டு பின்தங்கும். நோயாளியைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கச் சொல்வது மருத்துவர் செய்யும் சோதனைகளுள் ஒன்று. தூக்க முடிந்து, துண்டுகளும் விலகாதிருப்பின் அசையாக் கட்டே பெரும்பாலும் போதும். துண்டுகள் விலகிக் காலைத் தூக்கவும் இயலாவிடின் அறுவை வேண்டும்.

மூட்டைத் திறந்தால் சீழ் பிடித்துக் காலோ உயிரோ போகும் என்று மருத்துவர் அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. 1877-ஆம் ஆண்டில் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் கிருமிகளைத் தடுத்து, முறிந்த சில்லை வெள்ளிக் கம்பியால் பிணைத்தார். அச்சம் தளரத் தொடங்கியது.

பின்னர் எழுந்த வினா, கம்பியை எங்கே இடுவது என்பதாகும். முழங்காலை மடக்கும்போது சில்லின் முன்பக்கம் பிளவுபட முயலும். பின்பக்கம் தொடையெலும்பின்மேல் அழுந்தும். ஜெர்மானிய மருத்துவர் பாவெல்ஸ் விளக்கிய விசைக் கோட்பாட்டை, சுவிட்சர்லாந்தில் 1958-இல் அமைந்த ஏ.ஓ. குழுவினர் அறுவை முறையாக்கிப் பரப்பினர். இரண்டு மெல்லிய ஊசிகளை நெடுக்காகச் செலுத்தி, முன்புறத்தில் 8 என்னும் எண்ணின் வடிவில் கம்பியை இறுக்குவர். முன்பக்கம் விலகக் கம்பி இடங்கொடாது; ஆதலின் காலை மடக்குந்தோறும் பின்பக்கத் துண்டுகள் நெருங்கி அழுந்தும். பிரிக்க வந்த விசையே சேர்க்கும் விசையாகிறது.

சில்லு பலவாக நொறுங்கினால் இம்முறை மட்டும் போதாது. திருகாணிகளும் தகடுகளும் உதவும். பொருத்தவியலாத சிறு துண்டுகளை நீக்குவதும் உண்டு. முழுச் சில்லையும் எடுத்துவிடுதல் முன்பு பெருவழக்காயிருந்தது. சில்லின்றேல் காலை நிமிர்த்தும் வலு குறையுமாதலால், இன்று அது கடைசி வழியே.

கம்பிமுறைக்கும் குறையுண்டு. முழங்காலின் முன்தோல் மெல்லியது. உலோகம் உறுத்துவதால் எலும்பு கூடியபின் அதனை அகற்ற மறு அறுவை சிலருக்குத் தேவைப்படும். எனினும் பயன் பெரிது. நெடுநாள் அசையாதிருந்த மூட்டு விறைக்கும்; தொடைத்தசை மெலியும். உறுதியாகப் பிணைத்த சில்லோ, மருத்துவர் குறித்த அளவில் விரைவிலேயே அசைவு தொடங்க இடந்தரும். படியேறுதலும் தரையில் அமர்ந்தெழுதலும் மீளுமா என்பது, எலும்பு கூடுவதோடு இவ்வசைவையும் பொறுத்ததாகும்.