கார் ஆம்ப்ளிஃபயரில் கெயினின் பணி

காரில் பொருத்தப்படும் ஆம்ப்ளிஃபயரில் கெயின் எனக் குறிக்கப்பட்ட சிறு திருகு ஒன்று உண்டு. அதைக் கூட்டினால் ஒலியும் கூடுவதால், பலர் அதை இன்னொரு வால்யூம் குமிழாகவே கருதிவிடுகின்றனர். உண்மையில், ஆம்ப்ளிஃபயர் தன் முழுத் திறனை எட்டுவதற்கு எத்தனை வோல்ட் உள்ளீடு வேண்டும் என்பதையே அது தீர்மானிக்கிறது. அத்திறனின் உச்ச வரம்பை அதனால் உயர்த்த இயலாது.

டாஷ்போர்டிலுள்ள ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் மின்னழுத்தம் கருவிக்குக் கருவி மாறுபடும். சிலவற்றில் அதன் உச்சம் 2 வோல்ட், வேறு சிலவற்றில் 4 வோல்ட். இவ்வேறுபாட்டுக்கு ஈடுகொடுப்பதற்காகவே கெயின் திருகில் 0.2 முதல் 6 வோல்ட் வரை என்பது போன்ற வீச்சு தரப்படுகிறது. 4 வோல்ட் தரும் ஸ்டீரியோவுடன் இணைத்துவிட்டுத் திருகை 0.2 வோல்ட் பக்கம் திருப்பினால், வால்யூம் சற்று ஏறியதுமே ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தொட்டுவிடும்.

எல்லையைத் தொட்ட பின்னும் உள்ளீடு வளர்ந்தால், வெளியீட்டு அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. இதுவே கிளிப்பிங் எனப்படுகிறது. முற்றிலும் சதுரமாகிவிட்ட அலை, அதே உச்ச மின்னழுத்தமுடைய சைன் அலையைப்போல் இரு மடங்கு திறனைச் சுமப்பதால் ஸ்பீக்கரின் காயில் சூடேறுகிறது. வெட்டுண்ட முகடுகளிலிருந்து பிறக்கும் உயர் அதிர்வெண்கள் மென்மையான ட்வீட்டரைத் தாக்குகின்றன. கெயினை மிகக் குறைத்தாலும் சிக்கலே: அந்தக் குறையை ஈடுசெய்ய வால்யூமை உச்சத்துக்கு ஏற்றும்போது ஸ்டீரியோவிலேயே சிதைவு தொடங்கிவிடலாம்.

சரியான நிலையை மல்டிமீட்டர் கொண்டு அறியலாம். பேஸ் பூஸ்ட்டை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, கெயினை அடிமட்டத்தில் வைத்து, வால்யூமைச் சிதைவு தொடங்காத அளவில், பொதுவாக முக்கால் பங்கில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பின்னர், உச்ச அளவில் பதிவான ஒரு சோதனை ஒலியை, வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸிலும் மற்ற ஸ்பீக்கர்களுக்கு 1000 ஹெர்ட்ஸிலும் இசைத்தபடி, வெளியீட்டு முனைகளில் ஏசி மின்னழுத்தத்தை அளந்துகொண்டே கெயினை மெல்ல உயர்த்த வேண்டும். எட்ட வேண்டிய மின்னழுத்தம், ஆம்ப்ளிஃபயரின் வாட் அளவை ஸ்பீக்கரின் ஓம் அளவால் பெருக்கிவரும் தொகையின் வர்க்கமூலம் ஆகும். 100 வாட், 4 ஓம் எனில் அது 20 வோல்ட். கிளிப்பிங்கை நேரில் காட்டுவது மல்டிமீட்டர் அன்று, அலைவடிவத்தை வரையும் ஆசிலாஸ்கோப் போன்ற கருவியே என்பதாலும், ஸ்பீக்கர் இணைந்ததும் ஆம்ப்ளிஃபயரின் எல்லை சற்றுத் தாழக்கூடும் என்பதாலும், கணக்கிட்ட அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்துவது பாதுகாப்பு.

அதன்பின் ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் ஸ்டீரியோவின் வால்யூமுக்குரிய பணியே. அப்போதும் ஒலி போதவில்லையெனில், தேவைப்படுவது கூடுதல் வாட் கொண்ட ஆம்ப்ளிஃபயரோ, குறைந்த திறனிலேயே உரக்க ஒலிக்கும் ஸ்பீக்கரோ அன்றிக் கூடுதல் கெயின் அன்று.