மலையகத்தில் தாவர உணவு: உடற்பருமனும் சமிபாடும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் 95ஆவதாக அமைந்துள்ளது. நோய் தீர்க்கும் மூலிகைகளின் பெயர்களை அங்கே தேடுவோர் ஒன்றையும் காணார். அவ்வதிகாரத்தின் பெரும்பகுதி, முன்னுண்டது செரித்த பின்னரே உண்ணவேண்டும் என்பதையும், பசியின் அளவறிந்து உண்ணவேண்டும் என்பதையுமே வற்புறுத்துகின்றது. எதனை உண்பது என்னும் வினாவோடு, எவ்வளவு, எப்பொழுது உண்பது என்னும் வினாக்களும் சேர்ந்தே உடல்நலத்தை அறுதியிடுகின்றன என்பது வள்ளுவர் கருத்தாகும். இக்கருத்தை மத்திய மலைநாட்டுத் தோட்ட மக்களின் உணவோடு பொருத்தி நோக்குதல் பயனுடையதாகும்.

நுவரெலியா, அற்றன் முதலிய பகுதிகளில் தாவர உணவையே பெரிதும் உண்டு வாழ்வோர் பலர். அவருட் சிலர் விரதம் காரணமாகவும், சிலர் கொல்லாமை என்னும் கொள்கை காரணமாகவும், மிகப் பலர் வறுமை காரணமாகவும் அவ்வாறு உண்கின்றனர். ஊனும் பாலும் நீங்கிய உணவு உடலை மெலியச்செய்யும், வயிற்றுக்கு இலேசானது என்பது பொது நம்பிக்கை. ஆயின், அவ்வுணவை உண்போரிடத்தேயே இடை பருப்பதும், வயிறு பொருமுவதும், மலச்சிக்கல் தோன்றுவதும் காணப்படுகின்றன. இம்முரண்பாட்டுக்குக் காரணம் யாது?

பால், தயிர், நெய், தேன் என்பவற்றையும் விலக்கித் தாவரப் பொருள்களையே உண்ணும் நெறிக்கு மேலைநாட்டார் ‘வீகன்’ என்று பெயரிட்டுள்ளனர். 1944ஆம் ஆண்டில் டொனால்ட் வொட்சன் என்பாரும் அவர்தம் நண்பர்களும் இங்கிலாந்தில் ஒரு சங்கம் அமைத்தபோது இப்பெயர் தோன்றிற்று. பெயர் புதியதாயினும் முயற்சி பழையதே. காந்தியடிகள் தென்னாபிரிக்காவில், தோல்ஸ்தோய் பண்ணையில் வாழ்ந்த காலத்தில், 1912ஆம் ஆண்டிற் பாலை அறவே துறந்தார். 1918ஆம் ஆண்டிற் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக அலைந்த காலத்து, அவர் பெரிதும் நிலக்கடலை வெண்ணெயையும் எலுமிச்சையையும் உணவாகக் கொண்டார். அவ்வெண்ணெய் அளவு மிஞ்சினால் தீங்கு தருமென்பதை அறிந்திருந்தும் அளவு தவறியதாக அவரே தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டுள்ளார். வயிற்றுக்கடுப்பு அவரை மரணத்தின் விளிம்புவரை கொண்டு சென்றது. ஈற்றில் 1919ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கஸ்தூரிபாயும் மருத்துவரும் வற்புறுத்தியதால் ஆட்டுப்பாலை ஏற்றார். கொள்கை எத்துணை உயர்ந்ததாயினும் உடலின் விதிகளை அறியாது அதனைக் காத்தல் அரிது என்பதற்கு இவ்வரலாறே சான்றாகும்.

தோட்ட மக்களின் இன்றைய உணவுக்கும் ஒரு வரலாறு உண்டு. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்கள் சோறுண்டு வாழ்ந்தவர்கள். 1942ஆம் ஆண்டிற் பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறையில் அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பத் தொடங்கிற்று. போர் முடிந்தும் மா போகவில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்துக்குச் செல்லவேண்டிய தாய்க்கு ரொட்டி தட்டுவதே எளிது. மலைக்கு எடுத்துச்செல்வதற்கும் அதுவே ஏற்றது. இவ்வாறு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சீனி கலந்த தேநீரும் லயத்தின் அன்றாட உணவாயின.

இவ்வுணவு உழைப்புக்காக அமைந்த உணவு என்பது ஈண்டு நோக்கற்பாலது. 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. பகல் முழுதும் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்துக் கூடையைச் சுமப்பவரது உடல் அதனை எரித்துவிடுகின்றது. ஆனால் அவர்தம் பிள்ளைகள் இன்று ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் கடைச் சிப்பந்திகளாகவும் அமர்ந்த தொழில் புரிகின்றனர். மலையேறும் கால்கள் நாற்காலியில் ஓய்ந்தன. தட்டு மட்டும் மாறவில்லை. தாய் தின்ற மூன்று ரொட்டியை மகனும் தின்கின்றான். தாய் செலவிட்ட சக்தியை அவன் செலவிடுவதில்லை. எஞ்சியது கொழுப்பாகி இடையில் தங்குகின்றது. ரொட்டி தாவர உணவு என்பது இக்கணக்கை மாற்றாது.

மறைவாக வரும் சக்தியையும் கணக்கிடல் வேண்டும். பாலைத் துறந்தவர் பலர் வெறுந்தேநீரிற் சீனியைக் கூட்டுகின்றனர். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டியாக நாளுக்கு ஐந்து கோப்பை அருந்துவார்க்குச் சீனி மட்டும் 50 கிராம், அஃதாவது 200 கலோரி ஆகின்றது. நாளுக்கு 2000 கலோரி வேண்டும் ஒருவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் விதித்த உச்ச எல்லை இதுவே. இதிற் பாதியாகக் குறைத்தல் மேலும் நன்று என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி உண்டு. தேங்காய்த் துருவல் 100 கிராமில் 350 கலோரி உண்டு. வடையும் பாணும் பிசுக்கோத்தும் விலங்குணவு அல்ல. ஆயினும் உடலைப் பருக்கச்செய்வதில் அவை எதற்கும் பின்வாங்குவதில்லை.

இவ்விடத்தில் ஒரு கவலைக்குரிய உண்மையைக் கூறல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குறுகியவர்கள் 17 விழுக்காட்டினர்; தோட்டப் பகுதிகளிலோ ஏறக்குறைய 32 விழுக்காட்டினர். கருவிலும் மழலையிலும் ஊட்டமின்றி வளர்ந்த உடல், பிற்காலத்தில் மிகையுணவைப் பெறும்போது நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் எளிதில் இரையாகின்றது என்பதை ஆங்கிலேய மருத்துவ அறிஞர் டேவிட் பார்க்கர் முதலியோரின் ஆராய்ச்சிகள் உணர்த்தின. ஆகவே இளமையில் மெலிந்தவர் நடுவயதிற் பருத்தலைச் செழிப்பின் அறிகுறியாகக் கருதுதல் தவறாகும். தென்னாசிய ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரும் மகளிர்க்கு 80 சென்ரிமீற்றரும் இடைச்சுற்றளவின் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. தராசு இல்லாத வீட்டிலும் தையல் நாடா கிடைக்கும்.

பருமனைக் குறைப்பதற்குப் பட்டினி வேண்டியதில்லை. தட்டின் பங்கீட்டை மாற்றினாற் போதும். தட்டிற் பாதியைக் காய்கறிகளும் கீரையும் நிரப்புக. காற்பங்கைப் பருப்போ கடலையோ பயறோ சோயாவோ நிரப்புக. எஞ்சிய காற்பங்கே சோற்றுக்கும் ரொட்டிக்கும் உரியது. ரொட்டிக்கான மாவிற் பாதியைக் குரக்கன் மாவாக மாற்றினால் நார்ப்பொருள் மிகும். விரைவிற் பசி தோன்றாது. சம்பலை ஒரு கறியாகக் கொள்ளாது தொடுகறியாகக் கொள்ளல் வேண்டும். தேநீர்ச் சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு அதற்குப் பழகிவிடும். இவற்றோடு நாள்தோறும் அரை மணி நேர விரைந்த நடையும் சேர்தல் வேண்டும்.

இனிச் சமிபாட்டை நோக்குவோம். மலைநாட்டுக்கே உரிய காரணம் ஒன்று இங்குண்டு. கடல்மட்டத்தில் நீர் 100 பாகை சென்ரிகிறேட்டிற் கொதிக்கும். உயரம் ஏற ஏற வளியமுக்கம் குறைவதால், ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் தாழும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. அதற்குமேற் திறந்த பானையில் வெப்பம் ஏறாது. விறகைக் கூட்டினாலும் நீர் ஆவியாகுமேயன்றிக் கடலை விரைந்து வேகாது. யாழ்ப்பாணத்தில் வேகும் நேரத்தில் நுவரெலியாவிற் கடலை வேகாமை இதனாலேயே. அரைவேக்காட்டுப் பயறு வயிற்றை வருத்துதல் இயல்பு. இரவு முழுதும் ஊறவைத்து, நெடுநேரம் அவித்தலோ அமுக்கச் சமையற்கலத்தைப் பயன்படுத்தலோ இதற்குத் தக்க பரிகாரமாகும்.

நன்கு வெந்த பயறும் சிலருக்கு வாயுவை உண்டாக்குவதேன்? பயற்றிலுள்ள சிலவகை வெல்லங்களைப் பிரிக்கும் நொதியம் மனிதனின் சிறுகுடலில் இல்லை. அவை மாறாமலே பெருங்குடலை அடைய, அங்குள்ள பற்றீரியாக்கள் அவற்றை நொதிக்கச்செய்து வாயுவைத் தோற்றுவிக்கின்றன. ஊறவைத்த நீரை அகற்றிப் புதுநீரில் அவித்தலும், முளைகட்டவிடுதலும் அவ்வெல்லங்களைக் குறைக்கும். தோல்நீக்கிய மைசூர்ப் பருப்பு எளிதிற் செரிப்பது. பயற்றைப் புதிதாக மிகுத்து உண்ணத் தொடங்குவோர் சிறு அளவில் தொடங்கிச் சில வாரங்களிற் படிப்படியாகக் கூட்டுதல் நன்று; குடல் பழகிக்கொள்ளும்.

மலச்சிக்கலுக்கு நார்ப்பொருளின்மை ஒரு காரணம்; நீரின்மை மற்றொன்று. நாரை மட்டும் கூட்டி நீரைக் கூட்டாதார்க்குச் சிக்கல் மிகுதலும் உண்டு. குளிர் மிக்க இடத்திற் தாகம் தோன்றுவது குறைவு. அதனினும் வருந்தத்தக்க காரணம் வேறொன்று. கொழுந்து மலைகளில் அண்மையில் மலசலகூடம் இல்லாமையால், பகல் முழுதும் நீரருந்தாதிருக்கப் பெண்கள் பலர் பழகிவிட்டனர். இவர்களுக்கு நீரருந்துமாறு அறிவுரை கூறுதல் எளிது. அதற்கான வசதியை மலையில் அமைத்துக்கொடுத்தலே அறமாகும். மருத்துவர் தரும் மருந்தினும் அவ்வசதி பல வயிறுகளைக் காக்கும்.

தேநீரைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு குடல் அதனை உறிஞ்சுவதைத் தடுக்கின்றன. ஊனுண்ணாதவர்க்கு இரும்பு முழுவதும் தாவரங்களிலிருந்தே வரவேண்டியிருப்பதால், உணவோடு தேநீர் அருந்தும் வழக்கம் அவர்களையே மிகுதியாகத் தாக்கும். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாயினும் விடல் வேண்டும். அதற்கு மாறாகத் தேசிக்காய்ச் சாறு, நெல்லி, கொய்யா என்பன இரும்பு உறிஞ்சப்படுவதற்குத் துணைபுரியும். வெறுவயிற்றில் அருந்தும் சாயம் மிக்க தேநீர் சிலருக்கு நெஞ்செரிவைத் தரும். அத்தகையோர் சிறிதேனும் உண்டபின் அருந்துதல் நன்று.

பாலையும் விலக்கியோர் அறியவேண்டிய இன்னொன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டிற் பிரித்தெடுக்கப்பட்ட விற்றமின் பீ-12 தாவர உணவுகளிற் போதிய அளவு கிடைப்பதில்லை. ஈரல் அதனைப் பல்லாண்டு சேமித்து வைத்திருப்பதாற் குறைவு உடனே தோன்றாது. பின்னர்ச் சோர்வு, நாப்புண், கைகால் விறைப்பு என வெளிப்படும். காலந்தாழ்த்தினால் நரம்புக்கேடு நிலைத்துவிடலாம். ஆகவே முழுத் தாவர உணவினர் மருத்துவர் ஆலோசனையோடு இவ்விற்றமினை மாத்திரையாகப் பெறுதல் இன்றியமையாதது. பால் தந்த கல்சியத்தைக் குரக்கனும் எள்ளும் கீரைகளும் தரும்.

விரத காலங்களிலும் அளவே முதன்மையானது. கந்த சஷ்டியின் ஆறு நாள்களிலும், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாள்களிலும், ஐயப்பனுக்கு மாலையணிந்த நாற்பத்தொரு நாள்களிலும் புலால் நீங்குகின்றது. ஆனால் பகல் முழுதும் வெறுவயிற்றோடிருந்து, மாலையில் ஒரே வேளையில் வடை, பாயசம், சோறு என நிரப்புவது உடலுக்கும் விரதத்தின் நோக்கத்துக்கும் ஒவ்வாது. நீரிழிவுக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேட்ட பின்னரே உணவு தவிர்த்தல் வேண்டும்.

காரணமின்றி எடை குறைதல், மலத்திற் குருதி அல்லது கருநிறம், விழுங்குதற்கு இடர், ஓயாத வாந்தி என்பன உணவு மாற்றத்தால் தீர்க்கத்தக்கவை அல்ல. தாமதமின்றி வைத்தியசாலையை நாடல் வேண்டும். உணவைக் குறைத்தும் எடை கூடுமாயின் தைரொயிட்டுச் சுரப்பியைச் சோதித்தல் நன்று.

நுவரெலியாவின் சரிவுகளிற் கரட்டும் லீக்சும் கோவாவும் போஞ்சியும் பீட்ரூட்டும் விளைகின்றன. அவை லொறிகளில் ஏறிக் கொழும்புச் சந்தைக்குச் செல்கின்றன. அவற்றை ஈன்ற மலையிலேயே ஒரு குடும்பம் ரொட்டியையும் சம்பலையும் உண்டு உறங்குகின்றது. வாங்கும் வலிமை இல்லாமை அதற்குரிய பெருங்காரணம் என்பதை மறுக்க இயலாது. ஆயினும் லயத்தின் முன்னுள்ள சிறு நிலத்தில் ஒரு பாத்தி கீரையும் ஒரு பந்தர்ப் போஞ்சியும் வளர்க்க இயலுமாயின் அதுவே நல்ல தொடக்கமாகும். கற்றுத் தொழில் பெற்று, வாங்கும் வலிமையும் எய்திய இளந்தலைமுறையினர்க்கோ இவ்விலக்கு இல்லை. முன்னோரின் உழைப்பை விட்டு அவர்தம் தட்டை மட்டும் சுமப்பதை அவர்கள் நிறுத்துவாராயின், தாவர உணவு தன் பயனை முழுதும் தரும் என்பது திண்ணம்.