மரணம் எடுத்த மூன்று நாள் விடுப்பு

மரண தேவன் விடுப்பு எடுத்துக்கொண்டால் உலகம் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை வைத்தே ஒரு படம் எடுத்தது ஹாலிவுட்டின் பாரமவுண்ட் நிறுவனம். 1934இல் வெளிவந்த 'டெத் டேக்ஸ் எ ஹாலிடே'தான் அந்தப் படம். இத்தாலிய எழுத்தாளர் ஆல்பர்ட்டோ கசெல்லாவின் நாடகம் 1929இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையேறியது. அங்கிருந்து திரைக்கு வந்தது. இயக்கியவர் மிட்செல் லெய்சன்.

மனிதர்கள் தன்னைக் கண்டு ஏன் இப்படி நடுங்குகிறார்கள் என்று அறிய ஆசைப்படுகிறான் மரண தேவன். இளவரசர் சிர்கி என்ற பெயரில், இத்தாலியப் பிரபு ஒருவரின் மாளிகைக்கு விருந்தாளியாக வருகிறான். அந்த மூன்று நாளும் பூமியில் உயிர்ப்பலி இல்லை. விபத்தில் சிக்கியவர்கள் எழுந்து நடக்கிறார்கள், பூக்கள்கூட வாடுவதில்லை!

வந்த இடத்தில் காதல் வருகிறது. கிராசியா என்ற இளம்பெண் அவனோடு புறப்படத் தயாராகிறாள். தன் உண்மை உருவத்தைக் காட்டி அவளை எச்சரிக்கிறான் அவன். அவளோ, தொடக்கம் முதலே அவனை அப்படித்தான் பார்த்து வந்ததாகச் சொல்லிவிடுகிறாள்.

மரண தேவனாக நடித்தவர் ஃப்ரெட்ரிக் மார்ச். 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்துக்காக ஏற்கெனவே ஆஸ்கர் வென்றிருந்தவர். கிராசியாவாக நடித்த ஈவ்லின் வெனபிள், பின்னாளில் வால்ட் டிஸ்னியின் 'பினோக்கியோ'வில் நீலத் தேவதைக்குக் குரல் கொடுத்தார்.

இதே கருவை வைத்து 1998இல் பிராட் பிட் நடித்த 'மீட் ஜோ பிளாக்' வந்தது. பழைய படம் 80 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். புதியதோ ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும்.