சர்வர் மேல் விழும் பழி

உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு ‘சர்வர் டவுன்’ என்ற பதில் புதிதல்ல. 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தோடு கைரேகைப் பதிவும் சேர்ந்தபோது, விரலை வைத்த பிறகு மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்ற புகார் பல ஊர்களில் எழுந்தது. மதுரை மாசி வீதிகளில் ஒரு ஜவுளிக் கடையின் கிளையில் பில் நின்றுபோனாலும் இதே காரணம்தான் சொல்லப்படும். ஆனால் தரவுத்தளம் இருக்கும் அந்தக் கணினி பல நேரங்களில் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். அறுந்தது இடையில் உள்ள இணைப்பு. பேரணையில் ஷட்டரைத் திறந்த பிறகும் மேலூர் கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால், விவசாயி அணையைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. மடை மடையாகப் பார்த்துக்கொண்டே மேலே போவார். கணினி விஷயத்தில் மட்டும் நாம் நேரே அணைக்குப் போய்விடுகிறோம்.

கடையின் கணினியும் சர்வரும் ஒருமுறை பேசத் தொடங்கினால், ‘நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்று இரண்டும் தத்தம் நினைவகத்தில் குறித்துக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் ஃபயர்வாலும் சிம் கார்டு நிறுவனத்தின் கருவிகளும் கூட அப்படியொரு குறிப்பு வைத்திருக்கும். கொஞ்ச நேரம் எதுவும் போகாமல் வராமல் இருந்தால், இடம் மிச்சம் பிடிக்க அவை குறிப்பை அழித்துவிடும். அழித்ததை இரு முனைக்கும் பெரும்பாலும் சொல்வதில்லை. மதிய உணவு முடிந்து வந்த ஊழியர் முதல் பில்லைத் தட்டுகிறார். கணினி செத்துப்போன இணைப்பில் தகவலை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் வழக்கமான அமைப்பை மாற்றாமல் விட்டால், அது திரும்பத் திரும்ப முயன்று கைவிடச் சுமார் 15 நிமிடம் ஆகும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப் பார்க்கும் ‘கீப்அலைவ்’ வசதியும் உண்டு. ஆனால் மென்பொருள் கேட்டால்தான் அது வேலை செய்யும். கேட்டாலும் முதல் தட்டு 7,200 விநாடிக்குப் பிறகு, அதாவது 2 மணி நேரம் கழித்துத்தான். குறிப்பை 2 மணி 4 நிமிடத்துக்குள் அழிக்கக் கூடாது என்று 2008இல் வெளியான இணைய நெறிமுறை ஒன்று, நடுவில் நின்று இணைய முகவரியை மாற்றும் கருவிகளுக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கு இந்த 2 மணி நேரத்தை மனதில் வைத்துப் போட்டதுதான். நடைமுறையில் பல கருவிகள் சில நிமிடங்களிலேயே அழித்துவிடுகின்றன. கீப்அலைவை ஒரு நிமிடத்துக்குக் குறைத்தால் தீரும் கோளாறுக்கு லட்சக்கணக்கில் புது சர்வர் வாங்கியவர்களும் உண்டு. வாங்கிய பிறகும் மதியப் பில் தொங்கத்தான் செய்யும்.

எங்கே அறுந்தது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை; நேரமும் பிழைச்செய்தியும் போதும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சும்மா இருந்த பிறகு அறுகிறதென்றால், எங்கோ ஒரு கடிகாரம் வெட்டுகிறது. அந்தக் கடிகாரம் சில நேரம் தரவுத்தளத்திலேயே இருக்கும்: மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம் பேசாத இணைப்பைத் தானே மூடிவிடும். இரவு பூட்டிக் காலையில் திறக்கும் கடையில் முதல் பில் மட்டும் தோற்பதற்கு இது ஒரு காரணம். நேரத்தில் ஒழுங்கே இல்லாமல், ஒரே ஒரு கடையில் மட்டும் அறுந்தால் அங்குள்ள சிக்னலையோ வயரையோ பார்க்க வேண்டும். எல்லாக் கடையிலும் ஒரே விநாடியில் அறுந்தால்தான் சர்வரைச் சந்தேகிக்கலாம். மாதக் கடைசியில் யாரோ ஒருவர் எடுக்கும் பெரிய அறிக்கை நினைவகத்தை விழுங்கிவிட, லினக்ஸ் அந்த ஒரு வேலையைக் கொல்லும். உடனே போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் பாதுகாப்புக்காக மற்ற எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டுத் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். ரேஷன் கடையில் இன்னொரு தடயமும் உண்டு. கைரேகை சரிபார்ப்பு ஆதார் ஆணையத்தின் கணினிக்குப் போக வேண்டியது. ஆணையத்தின் தரவு மையங்கள் பெங்களூரிலும் மானேசரிலும் இருக்கின்றன. கார்டை ஸ்கேன் செய்ய முடிந்து, விரல் மட்டும் நின்றால் ரேஷன் தரவுத்தளத்தைக் குறை சொல்வது தவறு.

மாத முதல் வாரக் கூட்டத்தில் சர்வர் நிஜமாகவே திணறுமே என்று கேட்கலாம். திணறும். ஆனால் அதன் அடையாளம் வேறு. மைஎஸ்கியூஎல் வழக்கமாக ஒரே நேரத்தில் 151 இணைப்புகளைத்தான் ஏற்கும், போஸ்ட்கிரஸ் 100. நிரம்பிவிட்டால் புதிதாக வருபவரைத் திருப்பி அனுப்புமே தவிர, உள்ளே பேசிக்கொண்டிருப்பவரை வெளியேற்றாது. மைஎஸ்கியூஎல்லில் நிரம்பியதற்குப் பிழை எண் 1040. பேச்சின் நடுவே அறுந்ததற்கு 2013. ‘எர்ரர் வருது’ என்று மட்டும் போனில் சொல்லாமல் அந்த எண்ணைப் படித்துச் சொன்னாலே பாதி வேலை முடியும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறதே, ஆராய்ச்சி எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. வரிசையில் நிற்பவருக்கு அரிசிதான் வேண்டும், விளக்கம் வேண்டாம். ரீஸ்டார்ட் செய்யட்டும், ஆனால் அதற்கு முன் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலையும் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தையும் ஒரு நகல் எடுக்க ஒரு நிமிடம் போதும். எடுக்காவிட்டால் இணைந்தவர் பட்டியல் அழிந்துபோகும். நாளை அதே நேரத்துக்கு அதே கோளாறு வரும்.

ரீஸ்டார்ட்டால் தீராத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ‘பதிவு செய்’ என்ற கட்டளை போய்ச் சேர்ந்த பிறகு, ‘செய்தாயிற்று’ என்ற பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தால், பதிவானதா இல்லையா என்பது கடை மெஷினுக்குத் தெரியாது. மறுபடி தட்டினால் ஒரே பில் இரண்டு முறை ஏறலாம். தட்டாமல் விட்டால், பை காலியாக இருக்கும்போதே பொருள் வாங்கியதாகக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரலாம். கீப்அலைவைக் குறைப்பதும் இதைத் தடுக்காது. ஒவ்வொரு பில்லுக்கும் மெஷினே ஒரு தனி எண் கொடுத்து, மறுபடி அனுப்பும்போதும் அதே எண்ணையே அனுப்ப வேண்டும். அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் தரவுத்தளம் புதிதாக ஏற்றாமல் பழைய ரசீதையே திருப்பித் தர வேண்டும். இது மென்பொருள் எழுதுபவர் செய்ய வேண்டிய வேலை, எழுதும் முதல் நாளிலேயே.