நஞ்சியம்மாவை அளந்த கோல்

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மலையாளிப் பழங்குடி மக்கள் திரண்டு வருவார்கள். அவர்கள் பாட்டு ஒன்று நாளை ஆல்பமாகவோ சினிமாப் பாட்டாகவோ வந்தால் விமர்சகர்கள் அதை எப்படி எடைபோடுவார்கள்? அதற்கான ஒத்திகையைக் கேரளத்தின் அட்டப்பாடி விஷயத்தில் பார்த்துவிட்டோம். அங்கே மாடு மேய்த்து வாழ்ந்த இருளர் பழங்குடிப் பெண்மணி நஞ்சியம்மா, 2020-இல் வெளியான 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் 'கலக்காத்த' பாட்டைத் தாமே எழுதிப் பாடினார். ஜேக்ஸ் பிஜாய் இசை. கேரள அரசு சிறப்பு நடுவர் விருது கொடுத்தது. 2022 ஜூலையில் தேசியத் திரைப்பட விருதுக்குழு ஒருபடி மேலே போய், சிறந்த பின்னணிப் பாடகி அவர்தான் என்றது. உடனே சண்டை மூண்டது. சுருதிக்குப் பாடத் தெரியாதவர், ஒரு மாத அவகாசம் கொடுத்தாலும் சாதாரணப் பாட்டொன்றைப் பாட முடியாதவர், சிறப்பு விருதோடு நிறுத்தியிருக்கலாமே என்றார் ஓர் இசைக்கலைஞர்.

இதை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. பல வருடம் சாதகம் செய்து, எந்தச் சுருதியில் கேட்டாலும் பாடக் கற்றவரின் உழைப்புக்கு மதிப்பு வேண்டாமா? வேண்டும். ஆனால் தேசிய விருது பயிற்சிக்கான பட்டமல்ல. அந்த ஆண்டின் ஒரு படத்தில் பாடியதற்குக் கொடுப்பது. அப்படியானால் அந்தப் பாட்டைத்தான் கேட்க வேண்டும். சின்னச் சின்ன அடிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மெட்டு அதிகம் ஏறி இறங்குவதில்லை. கரகரத்த குரல் அவசரப்படாமல் குழந்தையோடு பேசுவதுபோல் போகிறது. வன்மம் நிறைந்த படத்தில் அந்த நிதானம் செய்யும் வேலையைத் தேர்ந்த குரல் ஒன்று செய்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

பாராட்டியவர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. 'மண்வாசனை', 'கலப்படமில்லாத குரல்' என்று உருகினார்கள். அது பிறப்புக்குக் கொடுக்கும் சான்றிதழ். பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த உருக்கம் இல்லையென்றால் ஊர் திரும்பிப் பார்த்திருக்காதே என்பார்கள். இருக்கலாம். ஆனால் பழமையின் சாயல் மட்டுமே தகுதி என்றானால், அடுத்தமுறை அந்தச் சாயலை ஸ்டுடியோவிலேயே தயாரித்துக்கொள்வார்கள், மலைக்காரர் தேவைப்படமாட்டார். சொல் யாருடையது, பெயர் யாருக்குப் போனது, காசு யார் கைக்குப் போனது என்றும் விமர்சகர் கேட்கலாம். 'கலக்காத்த' பாட்டில் பாடலாசிரியர் என்ற இடத்திலும் நஞ்சியம்மா பெயர்தான் இருக்கிறது. சுருதிச் சண்டையில் அதைக் கவனித்தவர்கள் குறைவு.